தங்கை வீட்டுப் பயணம்



சித்திரை பிறந்து இரண்டாவது வாரம். பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்திருந்தது. ஷவ்வால் மாதத்து ஆறு நோன்புகளையும் உம்மா நோற்று முடித்திருந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் எங்காவது அழைத்துப் போகும்படி பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டிருந்தனர். பிச்சாவரம் போவோம், படகில் ஏறுவோம், வழியில் ஒரு கோட்டையும் பார்ப்போம், இரவு பரங்கிப்பேட்டையில் மாமி வீட்டில் தங்குவோம் என்றேன்.

"மாமி வீட்டுக்கா?" என்று மூத்தவள் வியந்து கேட்டாள். அவளுக்கு வயது 13. என்னுடன் பிறந்த ஒரே தங்கையின் வீட்டை நினைவு தெரிந்த நாள் முதல் அவள் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு இது சுற்றுலா. உம்மாவுக்கும் என் மனைவிக்கும் எனக்கும் மட்டுமே இப்பயணத்தின் உண்மையான நோக்கம் தெரியும். என் கைப்பையில் ஒரு காசோலையும், ஒரு பத்திரத்தின் வரைவும், உம்மாவின் பழைய நாட்குறிப்பும் இருந்தன.

எங்கள் வாப்பா மவுத்தாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. சென்னையில் அவர்கள் உழைப்பில் எழுந்த மாடி வீடு ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில் நாங்கள் இருக்கிறோம், மேல்தளம் வாடகைக்கு. உம்மா, நான், தங்கை ஆகிய மூவரே வாரிசுகள். உம்மாவின் இத்தா முடிந்த சில நாட்களில் தங்கையை வரவழைத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். கல்யாணத்தின்போது நகை போட்டோம், சீர் செய்தோம், அதுவே அவள் பங்கு என்பது என் வாதம். அவள் எதிர்வாதம் எதுவும் செய்யவில்லை. காட்டிய இடங்களில் கையெழுத்திட்டாள். வைத்த தேநீரைக் குடிக்காமல் பேருந்து ஏறினாள்.

அதன்பின் பெருநாள்தோறும் எனக்குத் தொலைபேசியில் ஸலாம் சொல்வாள். உம்மாவோடு வாரந்தோறும் பேசுவாள். உம்மா மட்டும் ஆண்டுக்கொரு முறை பேருந்தில் போய் வருவார்கள். தங்கை எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி, மாமியாருக்கு உடல்நலமில்லை, மச்சானுக்கு வேலை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வரும். அக்காரணங்களை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

சென்ற ரமளானில் ஸகாத் கணக்குப் பார்க்க அமர்ந்தேன். வாடகைக் கணக்கு உம்மாவின் கையில்தான் இருக்கும். வாப்பாவின் நாட்குறிப்பொன்றில் மாதந்தோறும் எழுதி வருவார்கள். அதை முதன்முறையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். முதல் மாதம் வாடகை 9,600 ரூபாய். அதற்கு எதிரே மூன்று எண்கள்: என் பெயருக்குக் கீழே 5,600, 'எனக்கு' என்ற சொல்லுக்குக் கீழே 1,200, 'அவளுக்கு' என்ற சொல்லுக்குக் கீழே 2,800. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வாடகை 12,000 ஆகிறது. 'அவளுக்கு' என்ற இடத்தில் 3,500 என்று மாறுகிறது. ஒரு மாதமும் விடுபடவில்லை.

கணக்கு சரியானதுதான். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்கள் இதை வகுத்துத் தந்துள்ளன. இறந்தவருக்குப் பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மொத்தத்தை 24ஆக வகுத்தால் உம்மாவுக்கு 3, எனக்கு 14, தங்கைக்கு 7. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் உம்மாவுக்குத் தெரிந்த இக்கணக்கு, பட்டம் பெற்ற எனக்குத் தெரியாமல் போகவில்லை. தெரிந்தும் போடாமல் இருந்தேன்.

"ஏன் உம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேன் வாப்பா. ரெண்டு தடவ சொன்னேன். மூணாந்தடவதான் எழுத ஆரம்பிச்சேன்" என்றார்கள்.

எங்கள் பகுதிப் பள்ளிவாசல் இமாமிடம் சென்றேன். அவர் மூன்று செய்திகளைத் தெளிவாக்கினார். திருமணத்தின்போது தந்தை தந்தது உயிரோடிருந்தவரின் அன்பளிப்பு. வாரிசுரிமை என்பது அவர் இறந்த பிறகே தொடங்குகிறது. எனவே ஒன்றை மற்றொன்றில் கழிக்க இயலாது. இரண்டாவது, தன் பங்கு இன்னதென்று அறிந்து மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது செல்லும்; அண்ணன் முன்னால் வாய் திறக்கக் கூசி இட்ட கையெழுத்து மன உவப்பாகாது. மூன்றாவது, வீட்டில் பங்கு இருந்தால் வாடகையிலும் பங்கு உண்டு. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமும் முஸ்லிம் பெண்ணின் வாரிசுரிமையை ஷரீஅத்தின்படியே ஏற்கிறது. என் கையிலிருந்த விடுதலைப் பத்திரம் பதிவு அலுவலகத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். மறுமையின் விசாரணைக்கு அது போதாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 11 ஆண்டுகளாக ஸகாத் கொடுத்து வந்தவன், பிறர் பொருளைத் தன் பொருளோடு கலந்து வைத்திருந்தேன். தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் கொண்டு வந்தும், பிறர் உரிமையைப் பறித்ததால் மறுமையில் அனைத்தையும் இழந்து நிற்பவனே திவாலானவன் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது என்னைப் பற்றியும் இருக்கலாம் என்று எண்ணியதில்லை.

சனிக்கிழமை ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பயண துஆவைச் சின்னவன் உரக்க ஓத, நாங்கள் பின்தொடர்ந்தோம். இறுதியில் நாம் நம் இறைவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்று அந்த துஆ முடிகிறது. அன்று அச்சொற்கள் தொண்டையில் சற்றே தங்கின.

சென்னையிலிருந்து பரங்கிப்பேட்டை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்காமல் சென்றால் ளுஹருக்கு முன்பே சேர்ந்துவிடலாம். நானோ வழியெல்லாம் நிறுத்தினேன். பிள்ளைகளுக்கு இடங்களைக் காட்டுவதற்காக என்று சொல்லிக்கொண்டேன். போய்ச் சேர அஞ்சினேன் என்பதே உண்மை. என் மனைவி அதைக் கண்டுகொண்டாள், எதுவும் சொல்லவில்லை.

கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டையில் இறங்கினோம். உப்பங்கழியின் கரையில் செங்கல் சுவர்கள் இடிந்து நிற்கின்றன. ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் அது செழித்த துறைமுகம். நாணயச் சாலையும் அங்கு இருந்தது. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்குப் போயிற்று. 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். சுவர்மீது ஏறி நின்ற சின்னவன், "இப்ப இது யாரோடது வாப்பா?" என்று கேட்டான். அரசாங்கத்துடையது என்றேன். கைமாறிக் கைமாறி வந்த அச்சுவர்களின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. உம்மா காரிலேயே அமர்ந்து தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

மரக்காணத்தில் உப்பளங்கள் வெயிலில் வெண்மையாகக் கண்ணைக் கூசச் செய்தன. சாலையோரம் ஒரு முதியவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். ஆளுக்கு மூன்று வாங்கினோம். புங்கமரங்கள் புதுத்தளிர் விட்டு நின்றன, கொன்றை பூத்திருந்தது. புதுச்சேரியைக் கடந்து, கடலூரையும் கடந்தபின் ஒரு முந்திரித் தோப்பின் ஓரம் வண்டியை நிறுத்திப் பாய் விரித்தோம். முந்திரிப் பழத்தின் வாடை காற்றில் கலந்திருந்தது. தண்ணீர்ப் புட்டிகளில் ஒளுச் செய்து, ளுஹர் இரண்டு ரக்அத், தொடர்ந்து அஸர் இரண்டு ரக்அத் என்று சேர்த்தும் சுருக்கியும் தொழுதோம். உம்மா மடக்கு நாற்காலியில் அமர்ந்து தொழுதார்கள்.

தொழுது முடித்ததும் மூத்தவள் கேட்டாள்: "நாலு ரக்அத்த ரெண்டாக் கொறைக்க நமக்கு எப்படி வாப்பா உரிமை வந்துச்சு?"

"நமக்கு உரிமை இல்லம்மா. தொழுகை அல்லாஹ்வுடைய ஹக். அவனே பயணத்துல கொறச்சுக்கச் சொன்னான். அவனுடையத அவன் விட்டுக்கொடுக்கிறான்" என்றேன்.

சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டும்போது அச்சொல் என்னையே வந்து தைத்தது. தனக்குரியதில் பாதியை விட்டுத்தந்த இறைவன், அடியானுக்குரியதில் ஒரு காசைக்கூடக் குறைக்க எனக்கு அனுமதி தரவில்லை. சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்கும் அதில் கட்டாயப் பங்குண்டு என்று அதே அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் அறிவிக்கிறது. பயணியின் தொழுகை சுருங்கும். தங்கையின் 7 பங்கு எங்கும், எப்போதும், எக்காரணத்தாலும் சுருங்காது. அதன்பின் வழியில் எங்கும் நான் வண்டியை நிறுத்தவில்லை.

பரங்கிப்பேட்டை வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த பழைய துறைமுக ஊர். மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. 1781இல் ஹைதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் பெரும்போர் நடந்தது அதன் அருகில்தான். தங்கையின் வீடு ஒரு குறுகிய தெருவின் கோடியில் இருந்தது. வாசலில் மச்சானின் மீன் ஏற்றும் சிறு வண்டி தார்ப்பாய் போர்த்தி நின்றது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகு போகாவிட்டால் அவ்வண்டிக்கு ஓட்டமில்லை. ஆனால் வண்டிக் கடனின் தவணை தடைக்காலம் பார்த்து நிற்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் இந்த இரண்டு மாதங்களை அவர்கள் எப்படிக் கடத்தினார்கள் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை.

தங்கை வாசலுக்கு வந்தாள். முன்நெற்றியில் நரை இறங்கியிருந்தது. உம்மாவைக் கட்டிக்கொண்டாள். என் மனைவியை, "வாங்க மச்சி" என்றாள். என்னிடம், "வாங்க நானா. வழியில ரொம்ப வெயிலா?" என்றாள். அவ்வளவுதான். குறையின்றி உபசரித்தாள். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவந்த நண்டில் ஆணம், இறால் வறுவல், வட்டலப்பம். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து, அரைமணி நேரத்தில் பிறந்தது முதல் பழகியவர்கள்போல ஆகிவிட்டனர். நாங்கள் இருவரும் சிறுவயதில் அப்படி ஒரே சஹனில் உண்டவர்கள்தாம். பொரித்த மீனின் நடுத்துண்டை வாப்பா எப்போதும் அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

இஷாவுக்கு மச்சானோடு பள்ளிவாசலுக்குச் சென்றேன். ஊர் இமாமின் பின்னால் நின்றதால் பயணியாக இருந்தும் நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழுதேன். திரும்பி வந்து, பிள்ளைகள் மாடியில் உறங்கச் சென்றபின், கைப்பையைத் திறந்தேன். நாட்குறிப்பை முதலில் வைத்தேன். பிறகு 60 மாதம் 2,800 வீதமும் 72 மாதம் 3,500 வீதமும் கூட்டிய 4,20,000 ரூபாய்க்கான காசோலை. வீட்டில் 24இல் 7 பங்கை அவள் பெயருக்கு எழுதித் தரும் பத்திரத்தின் வரைவு. பங்காகவே வைத்துக்கொள்வதா, இன்றைய மதிப்புக்கு ஈடாகப் பணமாக வாங்கிக்கொள்வதா என்பது அவள் விருப்பம் என்றேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அச்சொல்லைச் சொல்வதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அவள் காசோலையைப் பார்க்கவில்லை. நாட்குறிப்பைப் பிரித்து உம்மாவின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டிருந்தா நானே விட்டுக் கொடுத்திருப்பேன் நானா" என்றாள். "நீங்க கேக்கல. கையெழுத்துப் போடுற எடத்தத்தான் காட்டுனீங்க. காசு போனது எனக்குப் பெருசாத் தெரியல. வாப்பாவோட வீட்டுக்கு நான் விருந்தாளியா ஆயிட்டேன்ல, அதுதான் தாங்கல. அதான் வரல."

என்னிடம் பதில் இல்லை. உம்மா தலைகுனிந்து, "நானும் அன்னைக்கு அந்த எடத்துலதாம்மா உக்காந்திருந்தேன். நீயும் என்னய மன்னிச்சிரு" என்றார்கள். தங்கை எழுந்து போய் உம்மாவின் மடியில் தலை வைத்து அழுதாள். மச்சான் தலையைத் திருப்பிக்கொண்டார். தவணைக்குத் திண்டாடும் மனிதர், ஆயினும் ஒரே சொல்தான் சொன்னார்: "இது உங்க தங்கச்சி காசு. இதுல எனக்குப் பேச்சில்ல." நான் படித்த மார்க்கத்தை அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

அவள் காசோலையை மடித்து நாட்குறிப்புக்குள் வைத்து, பீரோவில் பூட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதைக் கேட்டு வாங்க எனக்கும் உரிமை இல்லை.

மறுநாள் காலை எல்லோருமாகக் கிள்ளை வழியே பிச்சாவரம் சென்றோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கடலும் ஆறும் கலக்கும் உப்புநீரில் படர்ந்த சுரபுன்னைக் காடு அது. துடுப்புப் படகுகள் இரண்டு எடுத்தோம். மரக்கிளைகள் கவிந்த குறுகிய கால்வாய்களில் படகு நுழையும்போது வெயில் மறைந்து குளிர்ந்தது. ஒவ்வொரு மரமும் தண்டிலிருந்து பல வேர்களைக் கால்கள்போல நீருக்குள் இறக்கி நிற்கிறது. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு நீண்டு வளர்ந்து, ஊன்றும் வலிமை பெற்ற பின்புதான் தாயை விட்டுச் சேற்றில் விழுகிறது என்று படகோட்டி பிள்ளைகளுக்குக் காட்டினார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது, இக்காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது இந்த வேர்கள்தாம் என்றார். ஒற்றை மரம் எதையும் தடுத்திருக்காது. ஒன்றின் வேர் மற்றொன்றின் வேரோடு பின்னிக் கிடந்ததால் தடுத்தது. சுப்ஹானல்லாஹ் என்றார்கள் உம்மா.

பிள்ளைகளின் வற்புறுத்தலால் தங்கை என் படகில் ஏறியிருந்தாள். நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி, "சுகர் இப்ப எப்படி நானா இருக்கு? மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டாள். 11 ஆண்டுகளில் அவள் என்னிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. ஒழுங்காகப் போடுவதாகச் சொன்னேன். "பொய்" என்றாள் என் மனைவி. தங்கை சிரித்தாள்.

பிற்பகலில் புறப்பட்டோம். வழிக்கு இடியாப்பமும், பொட்டலம் கட்டிய கருவாடும், ஒரு தூக்குவாளி நிறைய இறால் தொக்கும் தந்தாள். வாளியைப் பேருந்தில் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன் என்றேன்.

"வேணாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றாள்.

அன்புக்குரியவர்களே, உறவுக்கு உறவு என்று பதிலுக்குப் பதில் செய்பவர் உறவைப் பேணுபவர் ஆகமாட்டார். அறுந்ததை இணைப்பவரே பேணுபவர் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். எங்கள் உறவை அறுத்தவன் நான், தங்கையல்லள். ஆகவே இதில் எனக்குப் பெருமை ஏதுமில்லை. தாமதமாகச் செலுத்திய கடனைத் தவிர வேறொன்றையும் நான் செய்துவிடவில்லை. இதை எழுதக் காரணம் ஒன்றே. உங்கள் வீட்டிலும் ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கலாம். பெருநாளைக்கு மட்டும் தொலைபேசியில் பேசும் ஒரு சகோதரி இருக்கலாம். அவள் வராததற்கு அவள் சொல்லும் காரணங்களை நீங்களும் நம்பிக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளின் விடுமுறை முடியுமுன் ஒரு சனி, ஞாயிறு அவள் வீட்டுக்குப் போய்வாருங்கள். போகும்போது கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தத் தூக்குவாளி கழுவித் துடைக்கப்பட்டு எங்கள் அடுக்களை அலமாரியில் இருக்கிறது. அதை வேறெதற்கும் எடுக்கக்கூடாது என்பது உம்மாவின் உத்தரவு.

பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக அல்லாஹ் நம்மை மரணிக்கச் செய்யாதிருப்பானாக. உயிரோடிருக்கும்போதே திருப்பிச் செலுத்தும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.